பாக்குவெட்டியும் தம்பலப்பூச்சியும்: கையிலிருக்கும் போனால் கிட்டப்படம் எடுக்கலாம்

எங்கள் வீட்டில் அம்மம்மாவின் பாக்குவெட்டி ஒன்று இருக்கிறது. போருக்குள் 2008 இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் செட்டிகுளம் அகதி முகாம் வரைக்கும் அவரின் சீலை மடியிலேயே வந்து சேர்ந்த சாமான் அது. வன்னியில் அநேகமான வீடுகளில் இப்படி ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும்: ஒரு செம்பு, ஒரு தோடு, ஓரம் கரைந்த ஒரு கல்யாணப் படம். அதை மேசையில் வைத்து, நேரே மேலே நின்று ஃபிளாஷ் அடித்து எடுத்து வெளிநாட்டிலிருக்கும் மாமாவுக்கு அனுப்பினால், அவருக்குத் தெரிவது ஏதோ பழைய இரும்புத்துண்டுதான். அதே சாமானை அவர் கண்கலங்கிப் பார்க்கிற மாதிரி எடுக்கலாம், அதற்குப் பெரிய கமரா தேவையில்லை.

முதல் வேலை, தேய்க்காமல் விடுவது. படம் எடுக்கப் போகிறோம் என்றதும் பித்தளையைப் புளி போட்டு மினுக்குகிற பழக்கம் எங்களுக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். பாக்குவெட்டியின் மூட்டுக்குள் வெள்ளையாக ஒரு பொருக்கு இருந்தது, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் அது சுண்ணாம்பு என்று விளங்கியது. வெற்றிலைக்குப் பூசிய விரலால் திறந்து மூடித் திறந்து மூடி, எத்தனை வருசமாக அங்கே படிந்ததோ! தேய்த்திருந்தால் அது போயிருக்கும். மெல்லிய, காய்ந்த பிரஷ் ஒன்றால் தூசியை மட்டும் தட்டிவிடுங்கள், போதும்.

அடுத்தது வெளிச்சம். படத்தின் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது. ஃபிளாஷை நிறுத்திவிட்டு, காலை ஏழு எட்டு மணிக்கு அல்லது பின்னேரம், வெயில் நேரே விழாத ஒரு யன்னலோரம் சாமானை வையுங்கள். வெளிச்சம் பக்கத்திலிருந்து, அதுவும் தாழ்வாகச் சரிந்து வரவேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு கீறலும் தனக்கென்று ஒரு சின்ன நிழல் போடும், செம்பின் கழுத்தில் புள்ளி புள்ளியாகக் கொத்திய பெயரெழுத்து எழும்பி நிற்கும். சாமானை ஒரு தட்டில் வைத்து மெல்லச் சுற்றிப் பாருங்கள், எழுத்து தெளிகிற இடத்தில் நிறுத்துங்கள். மற்றப் பக்கம் கன்னங்கரேலென்று இருந்தால் ஒரு வெள்ளைத் தாளை அந்தப் பக்கம் நிமிர்த்தி வைக்கலாம்.

சரி, இப்போது போன். எல்லோரும் விடுகிற பிழை, லென்ஸைச் சாமானோடு ஒட்டக் கொண்டுபோவது. ஒவ்வொரு லென்ஸுக்கும் அதற்குக் கிட்டப் போனால் ஃபோகஸ் பிடிக்காது என்றொரு தூரம் இருக்கிறது. ஐஃபோன் 13 ப்ரோ மாதிரிச் சில போன்கள் 2 சென்ரிமீற்றர் வரைக்கும் போகும், சாதாரண போன் போகாது. மலிவான போன்களில் 'மேக்ரோ' என்று தனியாக இருக்கும் 2 மெகாபிக்சல் கமராவை நம்பாதீர்கள். பிரதான கமராவையே எடுத்து, ஒரு சாண் தள்ளி நின்று, 2 மடங்கு சூம் வைத்தால் அதைவிடத் தெளிவாக வரும். திரையில் வேண்டிய இடத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், பித்தளையும் பொன்னும் வெளிறிப் போகாது. ஒரு சின்னப் பையில் அரிசி போட்டு அதன்மேல் போனைச் சாய்த்து, 3 செக்கன் டைமரில் எடுங்கள், கை நடுக்கம் தெரியாது.

கிட்டப் போகப் போக, தெளிவாகத் தெரிகிற ஆழம் சுருங்கிவிடும். பெரிய கமராவில் சாமானை அதன் உண்மை அளவிலேயே சென்சரில் (படம் பதிகிற சில்லில்) விழுத்தி, லென்ஸின் துவாரத்தை எஃப் 8 என்ற அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவாகக் கிடைக்கிற ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான். போனில் இவ்வளவு கடுமை இல்லை, ஆனாலும் தட்டையான சாமானுக்குப் போனைச் சமாந்தரமாகப் பிடிக்க வேண்டும். உருண்டையான சாமான் என்றால் முழுவதையும் தெளிவாக்கப் பாடுபடாமல் ஓர் இடத்தைத் தெரிவு செய்யுங்கள்: தோட்டின் ஒரு கல், பூட்டின் தேய்ந்த விளிம்பு.

கண்ணாடிச் சட்டத்திலுள்ள பழைய படங்களுக்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ஈரம் பட்டுக் கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரிக்காதீர்கள். நான் உரித்தேன், பெரியப்பாவின் முகத்தில் பாதி கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது. கண்ணாடியோடேயே எடுங்கள்: யன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், உங்களுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, அதிலொரு சின்ன ஓட்டையால் லென்ஸை நீட்டுங்கள், உங்கள் நிழலுரு கண்ணாடியில் விழாது.

இதே கைப்பழக்கத்தோடு வளவுக்குள் இறங்கலாம். முதல் மாரி மழைக்குப் பிறகு ஈர மணலில் தம்பலப்பூச்சி ஊரும், சிவப்பு வெல்வெற்றுத் துணியில் வெட்டிய பொட்டு மாதிரி. அதற்கு எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தம். மேலே நின்று எடுத்தால் வெறும் பொட்டுத்தான், வயிறு மண்ணில் பட நீங்களும் குப்புறப் படுத்து அதன் மட்டத்துக்கு வந்தால் மயிர் மயிராகத் தெரியும். படுப்பதற்கு முதல் ஒரு தடியால் புல்லைத் தட்டிப் பாருங்கள், சுருட்டை விரியன் உள்ள மண் இது.

கார்த்திகைப்பூவும் அந்த நாட்களில்தான் வேலிகளில் படரும். ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்து, அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. எனக்குப் பூவைவிட அதன் இலைநுனிதான் பிடிக்கும்: சுருண்டு, பக்கத்துக் கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்கும், அதை எடுத்துப் பாருங்கள். செடி முழுவதும் நஞ்சு, தொட்டால் கையைக் கழுவுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். காற்று அசைத்தால் ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, பத்துப் படம் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்றாவது நிற்கும். வண்ணத்துப்பூச்சி, தும்பிக்கு விடியற்காலைதான் நேரம், உடம்பில் சூடு ஏறும்வரை பறக்காமல் இருக்கும். எவ்வளவு வடிவான பூவைக் கண்டாலும் மிதிவெடிப் பலகை நட்ட பக்கம் ஓரடியும் வைக்க வேண்டாம். பழகிய ஒற்றையடிப்பாதையிலேயே நில்லுங்கள்.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், நுணுக்கமெல்லாம் போய்விடும். டொக்கியுமென்ட் என்று தெரிவு செய்து அனுப்புங்கள், இன்னொரு பிரதியை வேறோர் இடத்திலும் வையுங்கள். அப்புறம், சாமானைத் தனியாக எடுத்து முடித்ததும் அதை வைத்திருந்தவரின் கையில் கொடுத்து இன்னொன்று எடுங்கள். அம்மம்மாவிடம் நான் கொடுத்தபோது, பாக்கு இல்லாமலேயே அவரின் பெருவிரல் தானாகப் பிடியின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று அப்போதுதான் கண்டேன்.