எம்.எஸ்.டபிள்யூ. சேரப் போகிறீர்களா? முதலில் களப்பணியை விசாரியுங்கள்

மே மாதம் வந்தால் டிகிரி முடித்த பிள்ளைகள் என்னைத் தேடி வருவார்கள். "அக்கா, எம்.எஸ்.டபிள்யூ.வில் (சமூகப் பணி முதுகலைப் படிப்பில்) எந்த ஸ்பெஷலைசேஷன் எடுக்கலாம்?" ஸ்பெஷலைசேஷன் என்றால் சிறப்புப் பிரிவு. மருத்துவமனையில் சமூகப் பணியாளராக 14 வருடம் ஆகிறது எனக்கு. நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "அந்தக் கல்லூரியில் களப்பணிக்கு, அதாவது படிக்கும்போதே செய்யும் நேரடிப் பயிற்சிக்கு, எங்கே அனுப்புகிறார்கள் என்று விசாரித்தாயா?"

படிப்பு இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். பெரும்பாலான கல்லூரிகளில் எந்த டிகிரி இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். நானே பி.காம்.தான். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் சென்னையில் தொடங்கிய சமூகப் பணிக் கல்லூரி இன்றும் எழும்பூரில் நடக்கிறது. கோவை, திருச்சி, மதுரையிலும் நல்ல துறைகள் இருக்கின்றன. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் வேண்டுமென்றால் கியூட் பி.ஜி. என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

சில இடங்களில் விண்ணப்பத்திலேயே பிரிவைக் கேட்பார்கள். பல இடங்களில் முதல் வருடம் பொதுப் பாடம், இரண்டாம் வருடம்தான் பிரிவு. முடிவெடுக்கத் தடுமாறுகிறவர்களுக்கு இரண்டாவது வகைதான் நல்லது. ஒரு வருடக் களப்பணி பார்த்தபின் மனது தானாகச் சொல்லிவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

எச்.ஆர். (மனிதவள மேலாண்மை) பிரிவு எடுக்கத்தான் போனேன். முதல் வருடம் ஒரு மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவில் வாரம் இரண்டு நாள் போட்டார்கள். அங்கே ஒரு பெரியவர், வரவேண்டிய நாளில் பாதி நாள் வரமாட்டார். கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க ஐயா?" என்று கேட்டேன். அவருக்குக் கொடுத்திருந்த நேரம் காலை 6 மணி. அவர் ஊரின் முதல் பஸ் வந்து சேருவதே 7 மணிக்கு மேல். யாராவது வண்டியில் ஏற்றிவிட்டால்தான் வருவார். சூப்பர்வைசரிடம் சொன்னேன், அவர் பேசி இரண்டாவது ஷிஃப்ட் வாங்கிக் கொடுத்தார். அதன்பின் பெரியவர் ஒரு நாளும் தவறவில்லை. அடுத்த வருடம் மருத்துவ, மனநலச் சமூகப் பணி எடுத்துவிட்டேன்.

இந்தப் பிரிவுக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநலச் சமூகப் பணியாளர் என்றால் எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது. அதன்மேல் மனநலச் சமூகப் பணியில் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். பட்டம் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் (தேசிய மனநல நிறுவனம்) மாதிரி இடங்களில் அதற்கு இடம் கிடைப்பது கடினமாக இருந்தது. இந்த எம்.ஃபில். சேர்க்கைக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 கல்வியாண்டு வரைதான் அனுமதி தந்திருந்தது, அதனால் இப்போதைய நிலையை முன்கூட்டியே விசாரியுங்கள்.

சமுதாய வளர்ச்சிப் பிரிவு கிராமத்தில் தங்கி, மக்களைக் கூட்டி வேலை செய்கிறவர்களுக்கு. தொண்டு நிறுவனங்களிலும் அரசுத் திட்டங்களிலும் வேலை கிடைக்கும், ஆனால் ஒப்பந்த வேலைதான் அதிகம். வீட்டில் அதைச் சொல்லிவிட்டுச் சேருங்கள். குழந்தைகள் பக்கம் மனம் போனால் குடும்ப, குழந்தை நலம். சீர்திருத்தப் பணி (குற்றம் செய்தவர்களைத் திருத்தும் பணி) படித்தவர்களும் இதே களத்துக்கு வருவார்கள். குற்றம் சாட்டப்பட்ட சிறார்களை விசாரிக்க, 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் இயங்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காருகிறார்கள், அதில் ஒருவராவது பெண். எச்.ஆர். பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் சீக்கிரம் வரும். தொழிலாளர் சட்டம் படிக்கப் பிடித்தால் தயங்காமல் எடுங்கள்.

சரி, கல்லூரியை எப்படிப் பார்ப்பது? சேருமுன் ஒருநாள் நேரில் போய், இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் பேசுங்கள். களப்பணிக்கு எங்கெல்லாம் போனார்கள், வாராவாரம் சூப்பர்வைசர் தனியாக உட்கார்ந்து பேசுகிறாரா, கிராம முகாம் எத்தனை நாள், கடைசியில் பிளாக் பிளேஸ்மென்ட் (ஒரே இடத்தில் தொடர்ச்சியாகச் செய்யும் முழுநேரக் களப்பணி) யார் ஏற்பாடு என்று கேளுங்கள். பஸ் செலவையும் கேட்டுக்கொள்ளுங்கள், மாதாமாதம் கையைக் கடிக்கும்.

அப்புறம், அந்தப் பிள்ளைகளிடம் அவர்களின் களப்பணி நோட்டில் ஒரு பக்கம் மட்டும், நோயாளிகள் பெயர் தெரியாதபடி, காட்டச் சொல்லுங்கள். என் முதல் அறிக்கையில் 'நோயாளி கவலையாக இருந்தார்' என்று எழுதியிருந்தேன். அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, 'அவர் சொன்னதா, நீ நினைத்ததா?' என்று எழுதினார் சூப்பர்வைசர். அப்படித் திருத்துகிற ஆள் இருக்கிற துறையாகப் பார்த்துச் சேருங்கள்.