கேமிங் ப்ராசசர் வாங்கும் முன் மானிட்டரைப் பாருங்கள்

காந்திபுரத்தில் எந்தக் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், "கேம் ஆடறதுக்கு நல்ல ப்ராசசரா ஒண்ணு சொல்லுங்ணா" என்றாலும், "பட்ஜெட் எவ்வளவுங்க தம்பி?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. மானிட்டர் என்ன ரெசல்யூஷன் (திரையில் எத்தனை புள்ளிகள்; 1080பி, 1440பி, 4கே என்று ஏறும்), எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும்)? கிராபிக்ஸ் கார்டு எது? அதிகம் ஆடுவது எந்த கேம்? இவற்றுக்கு விடை தெரியாமல் இன்டெலின் உயர்ரக ஐ9 வாங்கி, பக்கத்தில் சாதாரண கிராபிக்ஸ் கார்டையும் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரையும் வைத்தால், ப்ராசசருக்குக் கொடுத்த காசில் பாதி வீண்.

திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், அதாவது ஃப்ரேமுக்கும், ப்ராசசர்தான் முதலில் வேலை செய்கிறது. யார் எங்கே நிற்கிறார், குண்டு எதில் பட்டது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டு கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கிறது. கார்டு வரைகிறது. ரெசல்யூஷனைக் கூட்டினால் வரையும் வேலைதான் பல மடங்காகும்; கணக்குப் போடும் வேலை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஒரு ஃப்ரேமை 16.7 மில்லிசெகண்டுக்குள் முடித்தால் போதும். 240 ஹெர்ட்ஸுக்கு 4.2 மில்லிசெகண்டுதான் அவகாசம். அதனால் 1080பி, 240 ஹெர்ட்ஸில் வாலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுகிறவருக்கு ப்ராசசர்தான் உயிர். 4கே-யில் சைபர்பங்க் 2077 ஆடுகிறவர் 6 கோர் (கணக்குப் போடும் பிரிவு) உள்ள ப்ராசசரோடு நிறுத்திக்கொண்டு மிச்சக் காசைக் கார்டில் போடலாம். ஃப்ளைட் சிமுலேட்டர், சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2 போன்றவை இதற்கு விதிவிலக்கு. அவை எந்த ரெசல்யூஷனிலும் ப்ராசசரைப் பிழிந்தெடுக்கும்.

ஏற்கெனவே ஒரு மெஷின் இருந்தால், காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாடியூனரும் இலவசம். கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) எவ்வளவு என்ற இரண்டையும் திரையின் மூலையில் தெரியும்படி வையுங்கள். எஃப்.பி.எஸ்.ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்க்கையும் ஃப்ரேம் லிமிட்டையும் கட்டாயம் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சோதனையே தப்பாகும். கூட்டம் நிறைந்த ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் ஆடுங்கள். கார்டு 97, 98 சதவீதத்தில் நின்றால் ப்ராசசர் மாற்றிப் பயனில்லை. 60, 70-க்கு இறங்கி ஊசலாடினால் ப்ராசசர் பின்தங்குகிறது. உறுதி செய்துகொள்ள ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறையுங்கள். அப்போதும் எஃப்.பி.எஸ். ஏறவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர். "ப்ராசசர் 35 சதவீதம்தான் ஓடுது, அது எப்படி காரணமாகும்?" என்பார்கள். 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) உள்ள ப்ராசசரில் ஒரு த்ரெட் முழு மூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதம்தான். கேமின் முக்கிய வேலை ஒன்றிரண்டு த்ரெட்டில்தான் நடக்கும். அது திணறினால் மற்றவை சும்மா காத்துக் கிடக்கும். மொத்த சதவீதத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சராசரி எஃப்.பி.எஸ்.ஸை விட 1 சதவீத லோ என்ற எண் முக்கியம். மோசமான தருணங்களில் வேகம் எவ்வளவுக்கு இறங்குகிறது என்பதை அதுதான் காட்டும். சராசரி 160, லோ 60 என்றால் கையில் திக்கல் தெரியும். சராசரி 140, லோ 105 என்றால் வழுவழுவென்று ஓடும். இரண்டில் பின்னதைத்தான் வாங்க வேண்டும்.

கேஷ்தான் கணக்கு

பெட்டியில் பெரிதாக அச்சிட்ட கிகாஹெர்ட்ஸும் கோர் எண்ணிக்கையும் கேமுக்கு அவ்வளவு சொல்லிவிடாது. எல்3 கேஷ் எத்தனை எம்.பி. என்று பாருங்கள். ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரி அது, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப்பெட்டி மாதிரி. அதில் இல்லாததற்கு ரேம் வரைக்கும் ஓட வேண்டும், அந்த நேரத்தில் கோர் சும்மா நிற்கும். கேம்கள் சின்னச் சின்ன தகவலை நாலாபக்கமும் தேடி எடுப்பவை என்பதால் இந்த ஓட்டம் குறையக் குறைய லோ எண் ஏறும்.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2022 ஏப்ரலில் ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் கோர்களின் மேல் இன்னொரு கேஷ் அடுக்கை ஒட்டி, 32 எம்.பி.யை 96 எம்.பி. ஆக்கியது. 2023-இல் 7800எக்ஸ்3டி, 2024 நவம்பரில் 9800எக்ஸ்3டி வந்தன. இரண்டும் 8 கோர், 96 எம்.பி. கடைசியாகச் சொன்னதில் கேஷ் அடுக்கைக் கோர்களுக்குக் கீழே மாற்றினார்கள். வெப்பம் நேராகக் கூலருக்கு ஏறுவதால் கூடுதல் வேகத்தில் ஓட முடிகிறது. 1080பி, 1440பி-யில் வேகமான மானிட்டரும் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ அளவுக்கோ அதற்கு மேலோ கார்டும் இருந்தால் 9800எக்ஸ்3டி நேரான தேர்வு. விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் 7800எக்ஸ்3டி-யை எடுங்கள். மின்சாரமும் குறைவாகக் குடிக்கும்.

16 கோர் 9950எக்ஸ்3டி கேமுக்கு மட்டும் என்றால் வேண்டாம். அதன் இரண்டு பாதிகளில் ஒன்றில்தான் கூடுதல் கேஷ் இருக்கிறது. கேம் அந்தப் பாதியில் ஓட சிப்செட் டிரைவரும் (போர்டுக்கான மென்பொருள்) விண்டோஸ் கேம் பாரும் ஒழுங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 8 கோர் தம்பியிடமே தோற்கும். வீடியோ எடிட்டிங்கும் சேர்த்துச் செய்கிறவர்களுக்கு அது சரி.

நடுத்தரத்தில், ஆர்டிஎக்ஸ் 4060, 5060 வகைக் கார்டு வைத்திருப்பவருக்கு ரைசன் 5 7600 அல்லது 7500எஃப் போதும். 6 கோர், 32 எம்.பி. கேஷ், 65 வாட். 7500எஃப்-இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதானால் திரையே வராது. இன்டெலில் எஃப் என்று முடிபவையும் அப்படியே.

விலை மலிவு என்று தள்ளிவிடப் பார்க்கும் சிலவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ரைசன் 5 5500-இலும் 5600ஜி-யிலும் கேஷ் 16 எம்.பி.தான், கார்டுக்குத் தகவல் போகும் பாதையான பிசிஐஇ-யும் பழைய 3.0 தான்; 8 லேன் (தடம்) மட்டுமே உள்ள 4060 போன்ற கார்டை அதில் போட்டால் வழி இன்னும் குறுகும். 5600 என்று ஜி இல்லாமல் கேட்டு வாங்குங்கள், 32 எம்.பி. கிடைக்கும். 8500ஜி இன்னும் மோசம்: கிராபிக்ஸ் கார்டுக்கு 4 லேன்தான் கொடுக்கும். ஜி வரிசை, தனிக் கார்டு வாங்காதவருக்கு.

இன்டெலில் ஐ5-12400எஃப் இன்றும் நம்பகமான சின்ன ப்ராசசர். ஐ5-14600கே நல்ல வேகம். ஆனால் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய ப்ராசசர்களில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் சிப் மெல்ல மெல்லக் கெட்டுப்போகும் சிக்கல் இருந்தது. இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (ப்ராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் கொடுத்து, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. திருத்தம் மேலும் கெடாமல் காக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. எனவே செகண்ட்ஹேண்ட் ஐ7, ஐ9 13, 14-ஆம் தலைமுறையைத் தொடாதீர்கள். அன்ரியல் எஞ்சின் கேமைத் திறந்து ஷேடர் கம்பைல் ஆகும்போது (கிராபிக்ஸ் நிரல்கள் தயாராகும்போது), கார்டில் நிறைய இடமிருந்தும் வீடியோ மெமரி போதவில்லை என்று மூடிக்கொண்டால் அது கெட்ட ப்ராசசரின் அடையாளம். புதிதாக வாங்கினால் 2024 செப்டம்பருக்குப் பிந்தைய பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) போட்டுவிட்டுத்தான் கேமை இறக்க வேண்டும். அடுத்து வந்த கோர் அல்ட்ரா 7 265கே வேலைக்கு அருமை. கேமில் எக்ஸ்3டி-யை எட்டவில்லை.

போர்டும் ரேமும்

ஏஎம்5 சாக்கெட்டுக்கு (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) 2027 வரையாவது புது ப்ராசசர் கொடுப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று 7500எஃப் போட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்து அதே போர்டில் எக்ஸ்3டி மாற்றலாம். பி650 அல்லது பி850 போர்டு தாராளம். ரேம் டிடிஆர்5-6000, சிஎல்30 (தாமதத்தைக் குறிக்கும் எண்), இரண்டு குச்சியாக. நான்கு குச்சி போட்டால் வேகம் இறங்கிவிடும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கிறது. கையில் நல்ல டிடிஆர்4 ரேமும் முந்தைய ஏஎம்4 சாக்கெட் போர்டும் இருப்பவர் மொத்தத்தையும் மாற்றுவதை விட, பயாஸ் புதுப்பித்து 5700எக்ஸ்3டி கிடைக்கிறதா என்று தேடுவதே புத்திசாலித்தனம்.

நம்ம ஊர் வெயிலும் பஞ்சும்

யூடியூப் விமர்சனங்களில் அறை வெப்பம் 21, 22 டிகிரியில் இருக்கும். சித்திரையில் ஈரோட்டிலும் கரூரிலும் ஏசி இல்லாத மாடி அறை 38-ஐத் தொடும். கூலர் செய்வதெல்லாம் அறை வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்று நிறுத்துவதுதான். எனவே அங்கே 70 காட்டியது இங்கே 86 காட்டும். 7800எக்ஸ்3டி-க்கு உச்ச வரம்பு 89 டிகிரி, 9800எக்ஸ்3டி-க்கு 95. வரம்பைத் தொட்டால் எரிந்துபோகாது, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

7600-க்குப் பெட்டியில் வரும் கூலரே சமாளிக்கும், சத்தம் போடும். 7800எக்ஸ்3டி-க்கு நான்கு ஹீட் பைப் உள்ள 120 மி.மீ. ஒற்றை டவர் கூலர் போதும். 9800எக்ஸ்3டி-க்கு இரட்டை டவர் வையுங்கள். 253 வாட் வரை இழுக்கும் ஐ7-14700கே-க்கு 360 மி.மீ. லிக்விட் கூலர் தேவைப்படும். அந்தக் காசையும் சேர்த்துத்தான் ப்ராசசர் விலையாகக் கணக்கிட வேண்டும். கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றாவது உண்டு. ஈரோடு, சேலம் பக்கம் குறைந்த வாட் ப்ராசசரே நிம்மதி.

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் இன்னொரு தொல்லை பஞ்சு. பனியன் கம்பெனியோ தறியோ அருகில் இருந்தால் கூலர் தகடுகளுக்கு நடுவே அது கம்பளி மாதிரி படியும். ஒரே மாதத்தில் வெப்பம் 10 டிகிரி ஏறலாம். பொள்ளாச்சியில் தென்னைநார்த் தூசி. முன்பக்கம் கழற்றும் வலை உள்ள கேபினெட் வாங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வலையைத் துடையுங்கள். ஆடிக் காற்று மாதங்களில் வாரம் ஒருமுறை. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

கரண்ட் விஷயத்தில், சாதாரண 600 விஏ யூ.பி.எஸ். தருவது 360 வாட்தான். 9800எக்ஸ்3டி-யும் 300 வாட் கார்டும் கேமில் அதைத் தாண்டும். கரண்ட் போன நொடியே யூ.பி.எஸ்.ஸும் படுத்துவிடும். 1 கே.வி.ஏ.-க்குக் குறையாமல், சைன் வேவ் வகையாக எடுங்கள். எர்த்தையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது.

வாங்குவதும் பொருத்துவதும்

பெட்டியோடு வரும் ப்ராசசருக்குக் கம்பெனி வாரண்டி 3 ஆண்டு. பெட்டியில்லாமல் ட்ரே என்று விற்பதற்குக் கடைக்காரர் எழுதித் தருவதுதான் வாரண்டி. ஜிஎஸ்டி பில்லில் எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள். பில்லில் சீரியல் எண் இருக்கட்டும். பெட்டி ஜன்னல் வழியே தெரியும் ப்ராசசர் மேல் உள்ள பெயரைப் படித்துவிட்டு சீலை உடையுங்கள். வீட்டில் பிரிப்பதாக இருந்தால் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்5-இல் பின்கள் போர்டில் இருக்கின்றன. விரலோ துணியோ பட்டால் வளையும். போர்டு வாரண்டி போய்விடும். மூலையில் உள்ள தங்க முக்கோணத்தை சாக்கெட் முக்கோணத்தோடு சேர்த்து, அழுத்தாமல் வைத்து, லீவரை இறக்குங்கள். வெப்பம் கடத்தும் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. கூலர் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தோமா என்று மறுபடி பாருங்கள். வெப்பம் உடனே 95-க்கு ஏறினால் இதுவும் காரணமாக இருக்கலாம். பழைய ஏஎம்4-இலிருந்து கூலரைக் கழற்றும்போது பத்து நிமிடம் மெஷினை ஓடவிட்டு, அணைத்து, லேசாகத் திருகி எடுங்கள். குளிர்ந்த நிலையில் இழுத்தால் ப்ராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும்.

முதல்முறை ஆன் செய்யும்போது ஏஎம்5 ரேமைப் பழக்கிக்கொள்ளப் பல நிமிடம் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். 10 நிமிடம் பொறுங்கள். நடுவே அணைத்தால் திரும்ப முதலிலிருந்து. திரை வந்ததும் பயாஸைப் புதுப்பியுங்கள், யூ.பி.எஸ்.ஸில் இருக்கும்போது மட்டும். 2023-இல் பழைய பயாஸில் சில எக்ஸ்3டி-க்கள் எஸ்ஓசி (ரேமைக் கையாளும் பகுதி) வோல்டேஜ் ஏறிக் கருகின; பிறகு வந்த பயாஸ் அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டியது. அதன்பின் பயாஸில், ரேமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 6000 ரேம் 4800-இல்தான் ஓடும். மானிட்டர் கேபிளை போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஹெர்ட்ஸைத் தேடிப் பாருங்கள். புது 240 ஹெர்ட்ஸ் மானிட்டர்கூட 60-லேயே கிடக்கும், நாமாக மாற்றினால்தான் உண்டு.

முதல் வாரத்திலேயே, மதியம் இரண்டு மணி வெயிலில், ப்ராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, வெப்பம் காட்டும் எச்டபிள்யுஇன்ஃபோ மென்பொருளில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வரம்பைத் தொட்டால் பயாஸில் ஈகோ மோட் 65 வாட் வைத்துப் பாருங்கள், கேமில் எஃப்.பி.எஸ். இழப்பு மிகச் சொற்பம். அப்போதும் இறங்காவிட்டால் கூலரைக் கழற்றி, பேஸ்ட் முழுப் பரப்பிலும் பரவியிருக்கிறதா என்று பார்த்து, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள்.