துண்டுக் காட்டு ஓடைகளில் தட்டான் கணக்கெடுப்பு

வால்பாறையில் ஒரே ஓடை மழைக்காட்டுத் துண்டுக்குள் புகுந்து, காப்பிக்குள் இறங்கி, தேயிலை நடுவே வெளிவரும். அங்கே தட்டான் கணக்கெடுப்பவர்கள் அதிகம் சறுக்குவது இனங்களை எண்ணிக் கூட்டும் இடத்தில்தான். வெயில் விழும் தேயிலை ஓடையில் பட்டியல் சில சமயம் நீண்டே வரும். ட்ரைதெமிஸ் அரோரா போன்ற வெயில் விரும்பிகள் அங்கே குடியேறிவிடும். நிழலும் ஈரமும் கேட்கும் புரோட்டோஸ்டிக்டா ஊசித்தட்டான்கள் தொலைந்துபோனது அந்தக் கூட்டுத்தொகையில் தெரியாது. நிழல் இனம், வெயில் இனம் என்று தாளில் முதலிலேயே இரண்டு பத்தி போட்டுவிடுங்கள்.

காடு, காப்பி, தேயிலை ஒவ்வொன்றிலும் குறைந்தது 6 ஓடைகள். அகலமும் கடல்மட்ட உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். ஓடைக்கு 100 மீட்டர் தடம், 10 மீட்டருக்கு ஒரு ரிப்பன். ஒரே ஓடையில் இரண்டு தடம் போட்டு அவற்றைத் தனித்தனி ஓடைகளாகக் கணக்கிடக் கூடாது: மேலே தேயிலையில் அடித்த மருந்தும் கரைந்த மண்ணும் கீழே காட்டுக்குள்ளும் வரும்.

மே மாதம் ஒரு சுற்று, மழை விட்ட அக்டோபர், நவம்பர் நாட்களில் இன்னொன்று. சுற்றுக்கு ஒவ்வொரு தடத்தையும் மூன்று முறை நடக்க வேண்டும். ஒருமுறை கண்ணில் படாததை 'இல்லை' என்று எழுத முடியாது. காலை 10 முதல் 2 மணி வரை, நீரோட்டத்துக்கு எதிராக, 40 நிமிடம். ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத. மேகம் மூடினால் கடிகாரத்தையும் நிறுத்துங்கள். தண்ணீர்ச் சத்தத்தில் யானை வருவது காதில் விழாது. வனத்துறை, எஸ்டேட் அனுமதியோடு இடம் தெரிந்த உள்ளூர்க்காரரும் கூட வரட்டும்.

புரோட்டோஸ்டிக்டா பறந்து காட்டாது. கரை குடைந்த இருட்டில், பெரணி நுனியில் ஈர்க்குச்சிபோலத் தொங்கும். முதலில் கண்ணில் படுவது வால் நுனிக்கருகே உள்ள வெளிர் பட்டைதான். நியூரோபேசிஸ் என்ற ஊசித்தட்டானின் ஆண் பின்னிறகை விரித்தால் பச்சை மின்னும், மூடினால் பழுப்பு. பெண்ணுக்கு அந்த மின்னலே இல்லை, அதனால் எண்ணிக்கையில் விட்டுப்போகும். ஆண், பெண் தனித்தனியாக எழுதுங்கள்.

பறப்பதெல்லாம் அங்கே பிறந்ததல்ல. பன்டாலா கடலையே கடக்கும் தட்டான்; தேயிலை மேல் கூட்டமாகச் சுற்றுவதை வைத்து அந்த ஓடையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. நீரில் வளர்ந்த குஞ்சு தட்டானாக மாறும்போது உரித்துவிட்டுப் போகும் தோல்தான் அங்கே பிறந்ததற்குச் சான்று. நீர்விளிம்பிலிருந்து 1 மீட்டருக்குள் பாறை இடுக்கு, வேர், பெரணித் தண்டு என்று 20 நிமிடம் தேடுங்கள். முதுகு பிளந்து, உள்ளே வெள்ளை நூல் தெரியும். அது மூச்சுக்குழலின் உறை. பெரும்பாலான ஊசித்தட்டான் தோலில் வால்பக்கம் மூன்று செதிள்கள் இருக்கும். கனமழைக்கு மறுநாள் தேடிப் பயனில்லை, அடித்துப் போயிருக்கும். உலர்ந்த குப்பியில் போடுங்கள். பஞ்சு வேண்டாம், கால் சிக்கி உடையும்.

ரிப்பனுக்கு ரிப்பன் செல்போனை நேர் மேலே பிடித்து மர விதானத்தைப் படமெடுங்கள். நீரின் வெப்பநிலையைத் தடத்தின் இரு முனையிலும் அளந்தால் போதும். தட்டானுக்குப் பக்கவாட்டில் ஒரு படம், வால்நுனியில் கொடுக்குபோல இருக்கும் உறுப்புக்கு மேலிருந்து ஒன்று. அப்படியும் பிடிபடாததைப் பேரினத்தோடு நிறுத்துங்கள். ஊகித்து எழுதிய இனப்பெயரைப் பிறகு யாராலும் திருத்த முடியாது.