லாராவெல் கன்ட்ரோலர்: ரூட் வரிசையில்தான் சூட்சுமம்

பொங்கல் நெருங்கிவிட்டால் பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் போகும் பஸ்களில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் காரில் காலியாக இருக்கும் இடங்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு சிறு தளம் செய்தேன். பிஎச்பி மொழியில் தளம் கட்ட உதவும் லாராவெல்லில்தான் செய்தேன். அதை வைத்தே கன்ட்ரோலரை, அதாவது வரும் கோரிக்கைக்கு என்ன செய்வது என்று சொல்லும் கிளாஸைப் பார்ப்போம். லாராவெல்லை நிறுவி, ‘டிரிப்’ மாடலையும் (பயண விவரங்களைக் கையாளும் கிளாஸ்) அதற்கான டேபிளையும் தயாராக வைத்திருங்கள்.

படி 1: டெர்மினலில் ‘பிஎச்பி ஆர்ட்டிசன் மேக்:கன்ட்ரோலர் டிரிப்கன்ட்ரோலர் --மாடல்=டிரிப் --ரிசோர்ஸ்’ என்று கொடுங்கள். இன்டெக்ஸ், கிரியேட், ஸ்டோர், ஷோ, எடிட், அப்டேட், டெஸ்ட்ராய் என ஏழு மெத்தட்கள் உள்ளே எதுவும் இல்லாமல் வந்து நிற்கும்.

படி 2: எந்த முகவரிக்கு எந்த மெத்தட் ஓட வேண்டும் என்று சொல்வதுதான் ரூட். ‘ரூட்ஸ்’ ஃபோல்டரில் உள்ள ‘வெப்’ கோப்பில் ‘ரூட்::ரிசோர்ஸ்’ என்ற ஒரே வரியில் ‘டிரிப்ஸ்’ முகவரியை இந்தக் கன்ட்ரோலரோடு இணையுங்கள்.

படி 3: ‘ஸ்டோர்’ மெத்தடின் முதல் வேலை, வந்த விவரங்களைச் சரிபார்ப்பது. ‘வேலிடேட்’டில் இடங்களின் எண்ணிக்கைக்கு ‘இன்டிஜர்’, ‘மின்:1’, ‘மேக்ஸ்:6’ என்று விதி வையுங்கள். தவறாக நிரப்பியவரை லாராவெல்லே படிவத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். பக்கத்துக்குப் பதில் ஜேசன் வடிவில் தரவு கேட்டு வந்த கோரிக்கையானால், விவரம் தவறு என்று சொல்லும் 422 பிழை கிடைக்கும். அதற்காக நீங்கள் தனியாக ‘இஃப்’ அடுக்க வேண்டியதில்லை.

படி 4: இங்கேதான் பாடாய்ப் பட்டேன். ஓசூரில் ஏறிக்கொள்பவர்களுக்காக ‘/டிரிப்ஸ்/ஓசூர்’ என்று ஒரு பக்கம் சேர்த்தால் 404 (பக்கம் கிடைக்கவில்லை) வந்தது. அந்த மெத்தடின் முதல் வரியிலேயே ‘டிடி’ (மதிப்பைக் காட்டிவிட்டு அங்கேயே நிறுத்தும் கட்டளை) போட்டும் திரையில் ஒன்றும் தெரியவில்லை. காரணம் இதுதான்: பொருந்தும் முதல் ரூட்டோடு லாராவெல் நின்றுவிடும். ரிசோர்ஸ் வரி மேலே இருந்ததால் ‘ஓசூர்’ என்ற சொல்லை ஒரு பயணத்தின் ஐடி என்று எடுத்துக்கொண்டு, ‘ஷோ’வுக்காக டேட்டாபேஸில் தேடியிருக்கிறது. அப்படி ஒரு பயணம் கிடையாது. கன்ட்ரோலரைத் தொடுவதற்கு முன்பே 404. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு, ஐடி எண்ணாக இருக்க வேண்டும் என்ற புகாரோடு 500 (சர்வர் பிழை) வரும். கூடுதல் ரூட்களை ரிசோர்ஸ் வரிக்கு மேலே எழுதுங்கள், தீர்ந்தது.

எல்லா ரூட்களையும் பட்டியலிடும் ‘ரூட்:லிஸ்ட்’ கட்டளையும் இதில் கண்ணைக் கட்டிவிடும். அது முகவரிகளை அகரவரிசையில் அடுக்கிக் காட்டும், நீங்கள் எழுதிய வரிசையில் அல்ல. புதிய பதிப்புகளில் ‘--சார்ட்=டெஃபனிஷன்’ சேர்த்தால் உண்மையான வரிசை தெரியும். இந்த வேலைக்குப் பெரிய டீபக்கர் எதுவும் வேண்டாம். இந்தக் கட்டளையும் ‘டிடி’யும் எனக்குப் போதும்.

பின்சேர்க்கை: படிவத்தை அனுப்பினால் 419 வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். படிவத்துக்குள் ‘@சிஎஸ்ஆர்எஃப்’ (வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் டோக்கன்) விட்டுப்போயிருக்கும். திருத்தும் படிவத்துக்கு 405 (இந்த முறையில் அனுப்ப முடியாது) வந்தால், எச்டிஎம்எல் படிவத்துக்கு கெட், போஸ்ட் இரண்டைத் தவிர வேறு தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். ‘மெத்தட்’ பண்பில் ‘போஸ்ட்’ என்றே இருக்கட்டும். உள்ளே ‘@மெத்தட்’ வழியாகப் ‘புட்’ என்று சொல்லுங்கள், ‘அப்டேட்’ ஓடும்.