பழைய சாமான் கடையில் கிடக்கும் புளொக் டர்போவா, இல்லையா? பார்த்தறியும் முறை

மச்சானின் டொல்பின் வான் (டொயோட்டா ஹையேஸ்) முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டது. வவுனியா போய்ச் சேரவில்லை. கராச்சில் எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினால் மூன்றாவது பிஸ்டனின் உச்சியில் பெருவிரல் போகும் அளவுக்கு ஓட்டை. புளொக்கை, அதாவது சிலிண்டர்கள் உள்ள எஞ்சினின் பெரிய வார்ப்பை, மாற்றி ஐந்து கிழமைதான் ஆகியிருந்தது. டர்போ புளொக் என்று சொல்லித் தந்தார்கள். டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. அது டர்போ இல்லாத எஞ்சினின் புளொக். அதில் பழைய டர்போவைத் தூக்கிப் பூட்டி ஓடியதால் வந்த வினை.

அதை வாங்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருக்கலாம். பிறகு ஒரு வயதான மெக்கானிக் அண்ணையிடம் கேட்டும், கழற்றிப் போட்ட புளொக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் படித்ததை, முதல் முறை எஞ்சின் வாங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் வாங்கி லொறியில் ஏற்றினாலும் சரி, இங்கே யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துப் பக்கம் வாங்கினாலும் சரி, பார்க்கும் முறை ஒன்றுதான்.

கொண்டு போக வேண்டியவை: ரோர்ச் லைற், கம்பி பிரஷ், ஒரு போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய துணி, வெண்கட்டி, வளையக்கூடிய மெல்லிய கம்பி, ஒரு முழ நீளத்தில் இறப்பர் குழாய். குழாய் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். கட்டாயம் எடுத்துப் போங்கள்.

1. இலக்கத்தை வாசியுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள்

எஞ்சின் இலக்கம் புளொக்கின் பக்கத்தில், சீவி மட்டமாக்கிய ஒரு இடத்தில் குத்தப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, வெண்கட்டியைப் படுக்கையாகத் தேய்த்தால் எழுத்து தெளிவாகத் தெரியும்.

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். டொயோட்டா காட்டலொக்கில் 2எல் (2L) என்றும் 2எல்-ரி (2L-T) என்றும் இரண்டு எஞ்சின் இருக்கின்றன. ரி என்றால் டர்போ. ஆனால் புளொக்கில் குத்தப்படுவது பெரும்பாலும் 2எல் என்ற குடும்பப் பெயரும் தொடர் இலக்கமும் மட்டும்தான். 1கேஸட்-ரிஇ (1KZ-TE) எஞ்சினிலும் 1கேஸட் (1KZ) என்றுதான் இருக்கும். ஆகவே ரி இல்லை என்பதால் டர்போ இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது, 2எல் என்று இருப்பதை வைத்து "இதுதான் அந்த டர்போ எஞ்சின்" என்று யாரும் சொன்னால் நம்பவும் முடியாது. மச்சானுக்கு நடந்தது இந்த இரண்டாவதுதான். புளொக்கில் பெயின்றால் எழுதியிருப்பதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

2. ஒயில் போகும் துளையும் திரும்பும் துளையும்

உங்களிடம் ஐந்து நிமிடம்தான் இருக்கிறதென்றால் இதை மட்டும் பாருங்கள்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும். அது மிதந்து ஓடுவது ஒயிலில்தான். அந்த ஒயில் எஞ்சினின் பிரதான ஒயில் வழியிலிருந்து, அமுக்கத்தோடு, ஒரு மெல்லிய பைப்பில் டர்போவுக்கு ஏறும். வேலை முடிந்ததும் நுரைத்துப்போய், அமுக்கம் இல்லாமல், தன் பாரத்தாலேயே கீழே வடியும். வடிய வேண்டியிருப்பதால் திரும்பும் பைப் தடிப்பாக இருந்தே ஆக வேண்டும். டர்போவோடு பிறந்த எஞ்சினில் இந்த இரண்டுக்கும் இடம் இருக்கும்: பென்சில் தடிப்பில் புரி வெட்டிய ஒரு சின்னத் துளை, அதற்குக் கீழே பெருவிரல் தடிப்பில் ஒரு பெரிய துளை, அதன் இரண்டு பக்கமும் போல்ட் துளைகள். புகை வெளியேறும் மெனிபோல்ட் பக்கமாகத் தேடுங்கள்.

இரண்டு வகைப் புளொக்கையும் பல நேரம் ஒரே அச்சில்தான் வார்ப்பார்கள். அதனால் டர்போ இல்லாத புளொக்கிலும் அதே இடத்தில் ஒரு மொழி (கணுப்போன்ற இரும்புத் திரட்சி) புடைத்து நிற்கும். வித்தியாசம் மொழியின் முகத்தில்தான். டர்போ புளொக்கில் அது சீவப்பட்டு, மட்டமாக, நடுவில் துளையோடு இருக்கும். செப்பு வாஷர் பதிந்த வட்டத் தடம் தெரிந்தால் அங்கே பைப் இருந்திருக்கிறது. மற்றதில் மொழி வார்த்த கரடுமுரடோடு, துளை போடாமல் அப்படியே இருக்கும்.

அழுக்கை நம்பி "துளை இல்லை" என்று திரும்பிவிடாதீர்கள். எங்கள் உப்புக் காற்றில் இரண்டு மழைக்காலம் வெளியே கிடந்த புளொக்கில் துரு துளையை மூடிவிடும். பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள்.

துளை இருந்தாலும் அது எந்தத் துளை என்று தெரிய வேண்டும். ஒயில் அமுக்க சுவிச்சின் துளை, ஒயில் மட்டக் கம்பி இறங்கும் துளை, தண்ணீர் வடிக்கும் துளை எல்லாம் இதே புளொக்கில்தான் இருக்கின்றன. இங்கேதான் இறப்பர் குழாய் உதவும். குழாயின் ஒரு நுனியைத் துளையில் இறுக்கி வைத்து மற்ற நுனியால் ஊதுங்கள். வெறும் புளொக் என்றால், ஒயில் வழிக்குப் போகும் துளையில் ஊதிய காற்று கிராங்க் தண்டு உட்காரும் இடத்திலுள்ள சின்ன ஓட்டைகளாலும் ஒயில் பில்டர் பூட்டும் இடத்தாலும் வெளியே வரும். ஈரமான விரலை வைத்துப் பார்த்தால் உணரலாம். ஒயில் அமுக்க சுவிச்சின் துளையும் இதே வழிக்குத்தான் போகும், அதை ஊதிப் பிரிக்க முடியாது. மேலே ஹெட் உட்காரும் முகத்தின் தண்ணீர் வழிகளால் வந்தால் அது தண்ணீர்த் துளை. அந்த வழிகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் அந்தப் புளொக் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது. முதலில் கம்பியால் குத்தித் திறந்துவிட்டு ஊதுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள்: அந்தத் துளை கொம்பனி போட்டதா, கராச்சில் போட்டதா? தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிஜ்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகள் எங்கள் மெக்கானிக்மாருடையவை. அந்தத் திறமையில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தக் கைகளுக்கு ஒரு புளொக்கில் துளை போடுவது பெரிய வேலை இல்லை. கொம்பனித் துளை மொழியின் சரி நடுவில், சீவிய வட்டத்துக்குள் இருக்கும். கையால் போட்டது கொஞ்சம் விலகி, சீவாத முகத்தில், அரம் போட்ட கீறலோடு இருக்கும். சில எஞ்சின்களில் திரும்பும் ஒயில் புளொக்குக்கு வராமல் நேரே சம்புக்குள் (அடியில் ஒயில் நிற்கும் தொட்டிக்குள்) விழும். அப்படியானால் சம்பையும் கேளுங்கள். அதில் பைப்பை வெல்டிங் பண்ணியிருந்தால் பிறகு சேர்த்த வேலையாக இருக்கலாம், கவனமாகப் பாருங்கள்.

3. புளொக்கைக் கவிழ்த்துப் பாருங்கள்

பாரம் அதிகம், தனியே செய்யாதீர்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அடியிலும் ரோர்ச் அடியுங்கள். சின்ன வளைந்த குழாய் ஒன்று மேல்நோக்கி நிற்கிறதா? பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கு ஒயிலைப் பீய்ச்சிக் குளிரவைப்பது அதுதான். டர்போ கூடுதல் காற்றையும், அதோடு கூடுதல் டீசலையும் உள்ளே தள்ளும்போது பிஸ்டனில் ஏறும் சூட்டை இறக்குவதில் பெரும் பங்கு இதற்கு. மச்சானின் புளொக்கில் இது இல்லை. ஏ9 வீதியில் நிறைய ஆட்களோடு, ஏசியும் போட்டு, மணிக்கணக்காக ஓடியபோது பிஸ்டன் தாங்கவில்லை.

குழாய் கழன்று போயிருந்தால் அது பூட்டியிருந்த துளையாவது தெரியும். டர்போ இல்லாத சில டீசல் எஞ்சின்களிலும் இந்தக் குழாய் உண்டு, சில பழைய சின்ன டர்போ எஞ்சின்களில் இல்லை. அதனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஆனாலும், குழாயோ அதற்கான துளையோ இல்லாத டீசல் புளொக்கில் டர்போ பூட்ட நான் இனிச் சம்மதிக்க மாட்டேன்.

4. பிஸ்டன் உள்ளே இருந்தால்

பெற்றோல் எஞ்சின் என்றால் பிஸ்டனின் உச்சி கிண்ணம்போலக் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். டர்போ பெற்றோலில் அமுக்க விகிதத்தை (சிலிண்டருக்குள் இடம் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பதை) குறைத்து வைப்பார்கள். டொயோட்டா ஸ்ரார்லெட் டர்போவின் 4இ-எப்ரிஇ (4E-FTE) எஞ்சினில் அது 8.2 தான். டர்போ இல்லாத 4இ-எப்இ (4E-FE) எஞ்சினில் 9-ஐத் தாண்டும். டீசலில் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். முயற்சிக்க வேண்டாம்.

5. கூட வந்த சாமான்கள்

டீசலைச் சிலிண்டர்களுக்கு அனுப்பும் இன்ஜெக்சன் பம்ப் கூட இருந்தால் அதன் மேல் வட்டத் தொப்பிபோல ஒன்று, பக்கத்தில் குழாய் செருகும் மூக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். டர்போ காற்றின் அமுக்கம் அந்த மூக்கால் வந்து உள்ளே இருக்கும் தகட்டை அழுத்த, பம்ப் டீசலைக் கூட்டிக் கொடுக்கும். ஆனால் பம்ப், மெனிபோல்ட், டர்போ எல்லாம் கழற்றிப் பூட்டக்கூடியவை. வேறொரு எஞ்சினில் இருந்து வந்திருக்கலாம். புளொக்கோடு ஒத்துப் போனால் நல்லது. ஒத்துப் போகாவிட்டால் புளொக் சொல்வதையே நம்புங்கள்.

என் கணக்கு இதுதான். கொம்பனி போட்ட ஒயில் துளைகளும் பிஸ்டனுக்கு ஒயில் பீய்ச்சும் குழாயும் இரண்டும் இருந்தால் டர்போ புளொக் என்று வாங்குவேன். துளை இருந்து குழாய் இல்லையென்றால், அதே எஞ்சினின் காட்டலொக் படத்தோடு ஒப்பிடாமல் காசு கொடுக்க மாட்டேன். துளையே இல்லையென்றால் டர்போ விலை கொடுக்கத் தேவையில்லை. டர்போ இல்லாத வானுக்கு அதே புளொக் அருமையாக உழைக்கலாம்.

வாங்கினால், வெண்கட்டி தேய்த்த அந்த இலக்கத்தைப் போனில் படம் எடுங்கள். பற்றுச்சீட்டில் அதே இலக்கத்தை எழுதிக் கேளுங்கள். வாகனப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகும்போது இரண்டும் உதவும். புளொக்கை லொறியில் ஏற்றுமுன் திறந்த துளைகளுக்கெல்லாம் துணி அடைத்துவிடுங்கள். வழியில் மணல் புகுந்தால் ஒயில் வழியைக் கழுவி எடுக்க ஒரு நாள் போய்விடும்.