நடந்தும் குறையாத எடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் விடியற்காலையில் நடப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பலரும் ஒரே குறையைச் சொல்வார்கள்: மாதக்கணக்கில் நடக்கிறோம், அல்வாவையும் பரோட்டாவையும் விட்டுவிட்டோம், சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டிக்கு மாறிவிட்டோம், ஆனாலும் எடை இறங்கவில்லை. இப்படிப்பட்டவர்களை வீட்டிலுள்ளவர்களே "ஒளித்துத் தின்கிறாயா?" என்று கேட்பது அநியாயம். அவர்களுடைய உழைப்பு உண்மையானது. தவறு பெரும்பாலும் கணக்கில்தான் இருக்கிறது. உணவின் தரத்தை மாற்றியவர்கள் அதன் அளவை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

நடையின் பலனை மிகையாக மதிப்பிடுவதிலிருந்து இந்தக் கணக்குப் பிழை தொடங்குகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 240 கலோரி செலவாகும். அந்த நேரம் முழுவதும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சுமார் 70 கலோரி செலவாகியிருக்கும் என்பதால், நடையால் கூடுதலாகக் கரைந்தது 170 மட்டுமே. நடை முடிந்தபின் கூட்டாளிகளோடு கடையில் நின்று குடிக்கும் சர்க்கரை போட்ட காபியும் ஓர் உளுந்தவடையும் அதை அங்கேயே ஈடுகட்டிவிடும். காலையில் நடந்துவிட்டோம் என்ற நிம்மதியில் பகல் முழுவதும் அசையாமல் இருப்பதும் இதே வகைத் தவறுதான். கடையில் கல்லாவில் இருப்பவர்களும், முக்கூடல், ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களும் பல மணி நேரம் ஒரே இருப்பில் இருக்க வேண்டியிருக்கிறது. அரை மணிக்கொருமுறை எழுந்து சற்று நடமாடுவது அவர்களுக்குக் காலை நடையளவுக்கே முக்கியம். நடையால் இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் சீராகும் என்பதால் எடை குறையாவிட்டாலும் அதை நிறுத்தக் கூடாது. எடை குறைக்கும் பொறுப்பு முழுவதையும் அதன் தலையில் சுமத்துவதுதான் பிழை.

பெரிய தவறுகள் அடுக்களையில் இருக்கின்றன, அவையும் நல்ல உணவு என்ற பெயரிலேயே நடக்கின்றன. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்க்கு மாறிய வீடுகளில், "நல்ல எண்ணெய்தானே" என்று இட்லிப் பொடியின் மேல் தாராளமாக ஊற்றும் பழக்கம் கூடியிருக்கிறது. எந்த எண்ணெயாக இருந்தாலும், செக்கிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும், ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். 15 மில்லி கொள்ளும் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. அதாவது, பொடிக்கு ஊற்றிய ஒன்றரைக் கரண்டி எண்ணெய் காலை நடை முழுவதையும் விழுங்கிவிடும். தேங்காயும் அப்படியே. 100 கிராம் தேங்காயில் சுமார் 350 கலோரி உண்டு, அதில் பெரும்பகுதி கொழுப்பு. முதற்பாலும் இரண்டாம் பாலும் பிழிந்து வைக்கும் சொதியை நம் ஊர்க்காரர் எவரும் விட வேண்டியதில்லை. பண்டிகைக்கும் விருந்துக்கும் இருந்த அந்தக் குழம்பு வாராவாரம் உருளைக்கிழங்கு வறுவலோடு இலைக்கு வருவதைத்தான் குறைக்க வேண்டும்.

கருப்பட்டியைப் பற்றிப் பலருக்கும் மனவருத்தம் தரக்கூடிய உண்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியின் மணமும் சில தாதுச்சத்துகளும் வெள்ளைச் சர்க்கரைக்குக் கிடையாது என்றாலும், கலோரிக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பதநீரிலும் இனிப்பு முழுவதும் சர்க்கரையே. சிறுதானியத்திலும் இதே மயக்கம் நிலவுகிறது. சமைக்காத அரிசி, கம்பு, கேழ்வரகு எதை எடுத்தாலும் 100 கிராமில் 320 முதல் 360 கலோரி வரை இருக்கும். கம்பில் நார்ச்சத்து கூடுதல் என்பதால் சீக்கிரம் வயிறு நிறையும். நிறைந்தபின்னும் பழைய அளவையே சாப்பிட்டால் மாற்றத்தால் எடையில் பலன் இராது. நான்கு நாட்களுக்கு மட்டுமாவது எண்ணெயை அளந்து ஊற்றி, சோற்றைக் கிண்ணத்தில் அளந்து வைத்து, கொறித்த கடலையையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். குறைந்த அளவுதான் சாப்பிடுகிறோம் என்று உறுதியாக நம்பியவர்களும் அந்தக் குறிப்பைப் பார்த்துத் திகைப்பார்கள்.

வாரத்தில் ஐந்து நாள் தினமும் 300 கலோரி குறைத்தால் மிச்சம் 1,500. ஒரு கல்யாண வீடும் ஒரு கோவில் கொடையும் சேர்ந்தால் அந்த மிச்சம் இரண்டே நாளில் தீர்ந்துவிடும். விருந்துக்குப் போகலாம், மறுநாளும் அதையே தொடராமல் இருந்தால் போதும்.

எடை பார்க்கும் முறையிலும் பிழை உண்டு. உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல், முந்தைய இரவின் சாப்பாடு ஆகியவற்றைப் பொறுத்து ஒரே நபரின் எடை நாளுக்கு நாள் ஒன்றிரண்டு கிலோ மாறும். உணவைக் குறைத்த முதல் வாரத்தில் சரசரவென இறங்குவதில் பெரும்பங்கு நீர்தான். உடல் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜனில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் சேர்ந்திருப்பதால், அது தீரும்போது நீரும் வெளியேறுகிறது. பின்னர் வேகம் குறைவது இயல்பே என்றிருக்க, அதைத் தோல்வி என்று எண்ணி விட்டுவிடுகிறவர்கள் மிகுதி. வாரம் ஒருநாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பார்ப்பதோடு இடுப்பையும் நாடாவால் அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்டிமீட்டருக்கும் பெண்களில் 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டு இருப்பது நல்லது. எடை நின்றும் இடுப்பு குறைந்தால் கொழுப்பு கரைகிறது என்று பொருள்.

சாப்பாட்டைக் குறைக்கிறோம் என்று பருப்பையும் மீனையும் சேர்த்தே குறைப்பவர்கள் தசையை இழக்கிறார்கள். தசை குறைந்தால் உடலின் அன்றாடச் செலவும் குறையும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த பரிந்துரைப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் தேவை; 70 கிலோ நபருக்கு அது 58 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால், ஒரு முட்டையோடு கணக்கை முடித்துவிட முடியாது. சாளையோ நெத்திலியோ குழம்பாக, பயறு சுண்டலாக, தயிர் மதியத்துக்கு என்று மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளலாம். நம் உளுந்தஞ்சோற்றில் அரிசியைக் குறைத்துத் தொலி உளுந்தைக் கூட்டினால் அதுவே நல்ல வழி. இதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரும் பயிற்சி வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதிலேயே தொடங்கலாம்.

இரவு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கி, நான்கு மணிக்கே எழுந்து நடக்கப் போவது பயன்தராது. தூக்கக் குறைவு மறுநாள் பசியைக் கூட்டும்.

அளவைச் சரிபார்த்து இரண்டு மூன்று மாதமாகியும் மாற்றம் இல்லையென்றால் மருத்துவரைப் பார்க்கத் தயங்கக் கூடாது. தைராய்டு சுரப்புக் குறைவும், பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் எடை இறங்குவதைக் கடினமாக்கக்கூடியவை. இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், ஸ்டீராய்டு, சில வலிப்பு மருந்துகள், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டக்கூடும். இவற்றைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, காலைக் காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பொறுத்திருக்க வேண்டும். உடனே காபி குடித்தால் மருந்து உடலில் சரியாகச் சேராது.