ஆன்சன் பர்லிங்கேம் மாதிரி ஒருத்தரோட வாழ்க்கைய எப்படி தேடி எழுதுறது

19ம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல்வாதி யாரைத் தேடினாலும் பிறந்த ஊரு, படிச்ச காலேஜ், ஜெயிச்ச தேர்தல், செத்த தேதின்னு ஒரு லிஸ்ட் ஈசியா கிடைச்சிடும், அதை அப்படியே தமிழ்ல போட்டா அது பயோடேட்டா தான், வாழ்க்கை வரலாறு கிடையாது. நான் சொல்ற வழி சிம்பிள். அவர் வகிச்ச ஒவ்வொரு பதவிக்கும் நேரா ரெண்டு கேள்விய எழுதிக்கோங்க, இது இவருக்கு எப்படி கிடைச்சது, எதனால கைய விட்டுப் போச்சு. அரசியல்வாதியா இருந்துட்டு தூதரா போனவங்களுக்கு இந்த கேள்வி ரொம்பவே முக்கியம், ஏன்னா அந்தக் காலத்துல தூதர் பதவிங்கிறது பெரும்பாலும் கட்சிக்கு உழைச்சதுக்கு கிடைக்கிற பரிசு தான். அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினரா இருந்து, சீனாவுக்கு அமெரிக்க தூதரா போய், கடைசில சீனாவுக்கே தூதரா வேலை பாத்த ஆன்சன் பர்லிங்கேமை வெச்சே பார்ப்போம்.

ஆரம்ப வாழ்க்கைய நாலு வரில முடிச்சிடுங்க. 1820 நவம்பர் 14ல நியூயார்க் மாநிலத்து நியூ பெர்லின்ல பிறந்தார், சின்ன வயசுலயே குடும்பம் ஒஹாயோ, அப்புறம் மிச்சிகன்னு மேற்கு பக்கம் போயிடுச்சு, 1846ல ஹார்வர்டுல சட்டம் முடிச்சு பாஸ்டன்ல வக்கீலானார். இதெல்லாம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோட பயோகிராஃபிக்கல் டைரக்டரில ஃப்ரீயா இருக்கு, தேதி செக் பண்ண மொதல்ல அங்க போங்க.

அடுத்து கட்சி. இங்க அவசரப்படாதீங்க. 1855ல அவர் காங்கிரஸுக்குள்ள நுழைஞ்சது குடியேறிகளை, அதுவும் கத்தோலிக்கர்களை எதிர்த்த அமெரிக்கன் பார்ட்டி ஆளா, நோ நத்திங்ஸ்னு சொல்லுவாங்களே அந்தக் கட்சி. அப்புறம் தான் ரிபப்ளிகன். நிறைய பேர் "ரிபப்ளிகன் தலைவர்"னு மட்டும் போட்டுட்டு இதை விட்டுடறாங்க, அது தப்பு, ஏன்னா இதே மனுஷன் தான் 1868ல சீனர்கள் சுதந்திரமா அமெரிக்கா வரலாம்னு சொல்ற ஒப்பந்தத்துல கையெழுத்து போடறார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, நடுவுல அவர் எங்க எப்படி மாறினார்னு தேடுறது தான் உங்க வேலை.

அப்புறம் ஏதாவது ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து நாள் நாளா பிரிச்சு எழுதுங்க. 1856 மே 22, அடிமை முறைக்கு எதிரா பேசினதுக்காக மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னரை செனட் அவைக்குள்ளயே தென் கரோலினா உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால விளாசுறார். ஜூன் 21, பர்லிங்கேம் அவையில எழுந்து புரூக்ஸை பேச்சாலயே கிழிக்கிறார். பிரச்சனைய தணிக்க பாத்தாங்க, பர்லிங்கேமும் கொஞ்சம் இறங்கி வர்ற மாதிரி ஒரு விளக்கம் குடுத்தார், ஆனா அது மன்னிப்பு கேட்ட மாதிரி வெளிய போனதும் அதை வாபஸ் வாங்கிட்டார், உடனே புரூக்ஸ் டூயலுக்கு, அதாவது ஒத்தைக்கு ஒத்தை ஆயுத சண்டைக்கு கூப்பிட்டார். பர்லிங்கேம் சரின்னுட்டார், ஆயுதம் ரைஃபிள், இடம் நயாகராவோட கனடா பக்கம். அவர் குறி தப்பாம சுடறவர்னு எல்லாருக்கும் தெரியும். எதிரிங்க இருக்கிற வடக்கு மாநிலங்களை தாண்டி அவ்ளோ தூரம் வர முடியாதுன்னு புரூக்ஸ் சொல்லிட்டார், சண்டை நடக்கவே இல்ல. பர்லிங்கேம் வடக்குல ஹீரோ ஆயிட்டார். இதை எழுதும்போது விளக்கம் குடுத்து வாபஸ் வாங்கின பகுதிய தூக்கிடாதீங்க, அது இருந்தா தான் பயமும் மானமும் உள்ள ஒரு நிஜ மனுஷன் தெரிவார். அவையில பேசினது காங்கிரஷனல் குளோப் பதிவுல இருக்கு, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துல ஃப்ரீயா படிக்கலாம். அதே வாரத்து வடக்கு பேப்பர் ஒண்ணு, தெற்கு பேப்பர் ஒண்ணு, ரெண்டையும் படிங்க, ஒரு பக்கத்து பேப்பரை மட்டும் நம்பி எழுதாதீங்க.

இப்போ அந்த ரெண்டு கேள்விக்கு வாங்க. 1860 காங்கிரஸ் தேர்தல்ல அவர் தோத்துட்டார், ஆனா அவர் கட்சி லிங்கன் ஜனாதிபதியா ஜெயிச்சுட்டார், அதனால 1861ல ஆஸ்திரியாவுக்கு தூதரா போட்டாங்க. ஆஸ்திரியா ஏத்துக்கல! ஆஸ்திரியாகிட்ட இருந்து ஹங்கேரி விடுதலைக்கும் அதுக்காக போராடின தலைவர் கோசுத்துக்கும் ஆதரவா அவர் பேசினது, இத்தாலில ஆஸ்திரியாவுக்கு எதிரியா இருந்த சார்டினியா அரசை பெரிய வல்லரசா அங்கீகரிக்கணும்னு சொன்னது எல்லாம் வியன்னாவுக்கு தெரிஞ்சிருந்தது. அப்படித்தான் சீனாவுக்கு போனார். அவரோட அரசியல் பேச்சே அவர் எந்த நாட்டுக்கு போகணும்னு முடிவு பண்ணிடுச்சு, அதனால அரசியல் தனி அத்தியாயம், தூதர் வேலை தனி அத்தியாயம்னு பிரிச்சு எழுதினா இந்த முடிச்சு அறுந்துடும்.

சீனா காலத்துக்கு தேட வேண்டியது ஃபாரின் ரிலேஷன்ஸ் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்ங்கிற அரசு தொகுப்பு, 1861ல இருந்து வருது, அவர் வாஷிங்டனுக்கு அனுப்பின கடிதங்கள் அதுல இருக்கு. ஒவ்வொரு கடிதத்துலயும் எழுதின தேதி, பதில் வந்த தேதி ரெண்டையும் குறிச்சுக்கோங்க. பீக்கிங்ல (இப்போ பெய்ஜிங்) இருந்து ஒரு கடிதம் போய் பதில் வர மாசக்கணக்குல ஆகும், அதனால பல முடிவுகளை அவர் தானா எடுத்தாகணும். பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா தூதர்களோட சேர்ந்து, சீனாவை மிரட்டாம பேசித் தீர்க்கலாம்ங்கிற ஒத்துழைப்பு கொள்கைய கொண்டு போனார். இளவரசர் கோங் நடத்தின வெளியுறவு அலுவலகத்துக்கு அவர் மேல அவ்ளோ நம்பிக்கை வந்துச்சு, 1867ல அவர் ராஜினாமா பண்ணப்போ சீனா அவரை மேற்கு நாடுகளுக்கு தன்னோட தூதராவே போட்டுடுச்சு.

இங்க ஒரு எச்சரிக்கை. அந்த சீனத் தூதுப் பயணத்துல அவர் தனியா போகல. ஜிகாங், சுன் ஜியாகு ரெண்டு பேரும் அவருக்கு சமமான தூதர்களா கூட போனாங்க, ஜிகாங் பயணக் குறிப்பும் எழுதியிருக்கார். அமெரிக்க எழுத்தை மட்டும் படிச்சா இவங்க ரெண்டு பேரும் பின்னாடி நிக்கிற ஆளுங்களா மறைஞ்சு போயிடறாங்க, அது நியாயமே இல்ல, பேரோட எழுதுங்க. அதே மாதிரி பர்லிங்கேம் மேடைல சொன்னதெல்லாம் சீனாவோட கருத்துன்னு எடுத்துக்காதீங்க. 1868 ஜூன்ல நியூயார்க் விருந்துல, மிஷனரிங்களை மலைக்கு மலை, பள்ளத்தாக்குக்கு பள்ளத்தாக்கு சிலுவை நடச் சொல்லி சீனா கூப்பிடுதுங்கிற ரேஞ்சுக்கு பேசினார், பீக்கிங் அப்படி எதுவும் சொல்லி அனுப்பல.

அந்தப் பயணத்துல அமெரிக்காவும் சீனாவும் போட்ட 1868 ஜூலை 28 ஒப்பந்தத்தை கண்டிப்பா நீங்களே முழுசா படிங்க, சின்னது தான், எட்டு பிரிவு. அஞ்சாவது பிரிவு, மனுஷன் தன் வீட்டையும் நாட்டையும் மாத்திக்கிறது அவனோட பிறப்புரிமைன்னு சொல்லுது. ஆறாவது பிரிவு, தங்கலாம், போகலாம் வரலாம், ஆனா இதை வெச்சு குடியுரிமை கிடைச்சதா ஆகாதுன்னு சொல்லுது. அஞ்சை மட்டும் மேற்கோள் காட்டி ஆறை விட்டுட்டா படிக்கிறவங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடும். அமெரிக்காவுல பசிபிக் ரயில் பாதைய சீன தொழிலாளர்கள் போட்டுட்டிருந்த நேரம் அது, ஆள் தேவைப்பட்டது, அதையும் சேர்த்து எழுதுங்க.

மரணத் தேதில குழப்பம் வரும். 1870 பிப்ரவரி 23, அதே தூதுப் பயணத்துல ரஷ்யா போயிருந்தப்போ செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல நிமோனியா. ரஷ்யால அப்போ பழைய காலண்டர், 12 நாள் பின்னாடி ஓடும், அதனால ரஷ்ய ஆவணத்துல பிப்ரவரி 11னு பாத்தா பதறாதீங்க. கல்லறை மாசசூசெட்ஸ்ல மவுண்ட் ஆபர்ன்ல.

கட்டுரைய கல்லறையோட நிறுத்தாதீங்க. அந்த ஒப்பந்தத்தை 1880ல திருத்தினாங்க, 1882ல சீனத் தொழிலாளர் பத்து வருஷத்துக்கு வரக்கூடாதுன்னு சட்டம் வந்தது. சான் பிரான்சிஸ்கோல பல வருஷம் வாழ்ந்த சே சான் பிங்ங்கிற தொழிலாளி, திரும்பி வரலாம்னு அரசு குடுத்த சான்றிதழை வாங்கிட்டு தான் சீனா போனார், திரும்பி வர்றதுக்குள்ள 1888ல புது சட்டம் போட்டு அந்த சான்றிதழ் செல்லாதுன்னுட்டாங்க, உள்ள விடல. 1889ல சுப்ரீம் கோர்ட் அவருக்கு எதிரா தீர்ப்பு சொல்லிச்சு, ஒப்பந்தத்துக்கு முரணா இருந்தாலும் காங்கிரஸ் பின்னாடி போட்ட சட்டம் தான் செல்லும்னு. தீர்ப்பு முழுசா நெட்ல இருக்கு, 1868 ஒப்பந்தத்தை பத்தியும் அதுல விரிவா பேசறாங்க, கடைசி பகுதிய எழுதறதுக்கு முன்னாடி அதை ஒருவாட்டி படிச்சிடுங்க.